அழுகுவதற்கு ஓர் இறால்

ஆனேக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய மீன் கடைகளில் மூன்றாவதைத் தர்ஷினி தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. முதல் கடையில் கூட்டம். இரண்டாவது கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கத்தியோடு இருப்பவரிடம் போய், வாழ்க்கையில் முதல்முறையாக வாங்கும் பொருளைக் கேட்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது கடையில் நடுவயதுப் பெண் ஒருத்தி ஈ ஓட்டியபடி போனில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். தமிழ் என்பதால் பாதி தைரியம் வந்தது. மீதிப் பாதி வருவதற்காகத் தர்ஷினி எதிரே இருந்த இளநீர் வண்டியருகில் பத்து நிமிடம் நின்றாள்.

“எறா வேணும்க்கா.”

“எவ்ளோ?”

“ஒண்ணு.”

கடைக்காரி தராசை இழுத்து ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தாள்.

“கிலோ இல்லக்கா. ஒண்ணு. ஒரே ஒரு எறா.”

கடைக்காரி போனைக் கீழே வைத்தாள். பூனைக்கா என்று கேட்டாள். இல்லை. தூண்டில் போடவா என்று கேட்டாள். அதுவும் இல்லை. பதற்றம் வந்தால் தேவைக்கு மேல் உண்மை பேசுவது தர்ஷினியின் வழக்கம். இதை யாரும் சாப்பிடப் போவதில்லை, தண்ணீரில் போட்டு அழுக வைக்க வேண்டும், ஆகவே தலையும் ஓடும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இது நல்லா அழுகுமாக்கா?”

கடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இருபது வருஷமா கடை போடறேன். என் எறாவப் பாத்து நல்லா அழுகுமான்னு கேட்ட மொத ஆளு நீதாம்மா.” பிறகு பெரிதாக ஒன்றைப் பொறுக்கிக் கவரில் போட்டு நீட்டி, காசு வேண்டாம், இடத்தைக் காலிசெய் என்பதுபோலக் கையை அசைத்தாள்.

கவரை இன்னொரு கவரில் சுற்றி, அதை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து, அதையும் பையின் அடியில் போட்டுக்கொண்டு தர்ஷினி பஸ் ஏறினாள். பிறந்ததிலிருந்து அவள் கறியோ மீனோ முட்டையோ சாப்பிட்டதில்லை. தொட்டதே இதுதான் முதல் தடவை. தொட்டது என்றும் சொல்ல முடியாது, கவரைத்தான் தொட்டாள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அவள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இரண்டு மீன் கடைகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு ஆனேக்கல் வரை வந்ததற்கு ஒரே காரணம், வீட்டுக்காரர் சரளா ஆன்ட்டி.

சரளா ஆன்ட்டி அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் கிருஷ்ணப்பாவோடு கீழ்வீட்டில் இருந்தார். கூட வேலை பார்த்தவர்களிடம் பழகிய தமிழை, கன்னட வாடை மாறாமல் பேசுவார். மாடியை வாடகைக்கு விடுவதற்கு முன் ஆளை சோபாவில் உட்காரவைத்து விசாரிப்பார். எந்த ஊர், எந்தக் கம்பெனி, எத்தனை மணிக்கு வருவாய். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?

“ஆம்பூரா? பிரியாணி ஆம்பூரா?” என்று அன்று தர்ஷினியிடம் கேட்டார்.

“ஆமா ஆன்ட்டி. ஆனா நாங்க சைவம்.”

“ஆம்பூர்ல வெஜ்ஜா” என்றார் ஆன்ட்டி. அது கேள்வி அல்ல.

தர்ஷினிக்கு இது பழகிப்போன விஷயம். பெங்களூருக்கு வந்த மூன்று வருடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பிரியாணிக் கடை விலாசம் கேட்காதவர்கள் குறைவு. ஆரம்பத்தில் தான் சைவம் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பாததால் இப்போது ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிடுவாள். போய்ச் சாப்பிட்டு வந்தவர்கள் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைக்குள் அவள் நுழைந்ததே இல்லை.

அறைத்தோழி பார்கவியின் விசாரணை மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. சேலத்துப் பெண். நெற்றியில் குங்குமம். சோபாவில் உட்காருவதற்கு முன்பே பூஜை அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டாள். குடிவந்த பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் கோலம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிக்கன் பிரியாணி சாப்பிட்டாள். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள்: படுக்கையறை ஜன்னலைச் சாத்துவாள், கதவடியில் ஈரத்துண்டை அடைப்பாள், குளியலறையின் எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுவாள், எலும்பை மூன்று கவரில் கட்டி மறுநாள் கம்பெனி கேப் ஏறும் இடத்துக் குப்பைத்தொட்டியில் போடுவாள். ஒன்றரை வருடத்தில் ஒரு பருக்கை வாசனைகூடக் கீழே இறங்கியதில்லை. நல்ல பெண்ணுக்கு உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் ஆன்ட்டி பார்கவியைத்தான் சொல்வார்.

இனி, தொட்டி.

தர்ஷினியின் அலுவலக வரவேற்பறையில் ஒரு பவளத் தொட்டி இருந்தது. கல்லிடுக்கில் பூப்போல விரிந்த பவளங்கள், அவற்றுக்கு நடுவே வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். மூன்று வருடமாக மதியச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் அதன் முன் நிற்பாள். சாப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. நாள் முழுக்க எது எங்கே உடையும் என்று பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, உடையாமல் ஓடும் ஒன்றைப் பார்ப்பதில் ஏதோ நிம்மதி இருந்திருக்க வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்ய வாரம் ஒருமுறை வரும் ரெமிஜியஸ் என்பவனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவனுக்கும் அவள் வயதுதான் இருக்கும். ஜோகுபாளையத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தான்.

“நீங்க கேக்கற கேள்விக்கு நின்னுகிட்டே பதில் சொல்ல முடியாது மேடம். கடை மாடியில ஈவ்னிங் க்ளாஸ் எடுக்கறேன். வந்துடுங்க” என்றான்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஆறரை மணி வகுப்புக்கு நான்கேகாலுக்கே கிளம்பி, இரண்டு பஸ் மாறி ஜோகுபாளையம் போனாள். மொத்தம் ஆறு பேர். குறிப்பெடுத்தது அவள் ஒருத்திதான். தொட்டியில் தண்ணீர் ஊற்றிய உடனே மீனை விடக்கூடாது என்பது முதல் பாடம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனையே கொன்றுவிடும். அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் முதலில் கல்லில் வளர வேண்டும். அவை வளர யாராவது அமோனியா கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பாட்டிலிலிருந்து சொட்டு விடலாம். அல்லது பச்சை இறால் ஒன்றைத் தண்ணீரில் அழுக விடலாம். மற்ற ஐந்து பேரும் பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

தர்ஷினி பாட்டிலை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தாள். உள்ளே அமோனியா எத்தனை சதவீதம் என்று எங்கும் அச்சிடவில்லை. எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை எத்தனை சொட்டு விடுவது? இறாலையாவது எடை போடலாம். இப்படி, ஒழுங்கு தவறக்கூடாது என்ற ஒரே நோக்கத்தில், ஆறு பேரில் ஒரே சைவம் இறாலில் போய் நின்றது.

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மூன்று முறை படித்தாள். ‘அசைவம் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது’ என்றிருந்தது. சமைக்கப் போவதில்லை. சாப்பிடப் போவதில்லை. அழுக வைப்பதைப் பற்றி ஒப்பந்தம் ஒன்றும் சொல்லவில்லை.

அறுபது லிட்டர் கண்ணாடித் தொட்டி கூடத்தின் வடகிழக்கு மூலையில் அமர்ந்தது. மேசை ஒரு நூல் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துக் காலுக்கடியில் அட்டை வைத்தாள். லாரித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துப் பயந்து, ஆர்.ஓ. தண்ணீர் கேன் மூன்றை வரவழைத்தாள். கடல் உப்பைக் கலக்கி, அளவு சரியாக வரும்வரை கருவியில் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணலைப் பரப்பி, கற்களை நான்கு விதமாக அடுக்கிக் கலைத்து, கடைசியில் முதலில் அடுக்கியது போலவே அடுக்கினாள். சரளா ஆன்ட்டி மேலே வந்து பார்த்தார். ஈசானிய மூலையில் தண்ணீர் இருப்பது வீட்டுக்கு நல்லது என்று சந்தோஷப்பட்டார். மீன் எப்போது வரும் என்று கேட்டார்.

“ஆறு வாரம் ஆகும் ஆன்ட்டி.”

“அதுவரைக்கும் கல்லையா பார்ப்ப?”

“ஆமா.”

ஆன்ட்டி கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஆனேக்கல் இறால் பதினெட்டு கிராம் இருந்தது. அதை வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மூடியைச் சாத்தி, தேதியைக் குறித்துக்கொண்டாள். அந்த மீன்கடை அக்கா வீணாகக் கோபப்பட்டிருக்கிறாள். இறால் மிக நன்றாக அழுகியது. நான்காம் நாள் அமோனியா சோதனைக்குழாயில் மஞ்சள் மாறிப் பச்சை தலைகாட்டியபோது தர்ஷினிக்குப் பரீட்சையில் பாஸானதுபோல இருந்தது. ஐந்தாம் நாள் வாசனை வந்தது. ஏழாம் நாள் அதை வாசனை என்று சொல்ல முடியவில்லை. அன்று ஞாயிறு. பார்கவி முறைப்படி ஜன்னலைச் சாத்தி, துண்டை அடைத்து உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து வெளியே வந்தாள்.

“உன் எறா நாத்தத்துல என் பிரியாணியே இறங்கலடி. தூக்கிப் போட்டுத் தொலை. இல்லன்னா அந்த ஆன்ட்டி மேல வந்துடும்” என்றாள்.

ஆன்ட்டி அன்று வரவில்லை. மறுநாள் மாடிப்படியில் தர்ஷினியை நிறுத்தி மூக்கைச் சுளித்து, என்ன சமைத்தாய் என்று மட்டும் கேட்டார். எலுமிச்சை சாதம் என்றாள் தர்ஷினி, அது உண்மைதான். எலுமிச்சை, என்று ஆன்ட்டி ஒருமுறை திருப்பிச் சொன்னார். கிருஷ்ணப்பா அன்று முழுக்கச் சாக்கடை மூடிகளைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் மாலை ஏழு மணிக்கு, சாமிக்கு விளக்கேற்றிய கையோடு ஆன்ட்டி மேலே வந்தார். நேராகச் சமையலறைக்குப் போனார். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒன்றும் அகப்படாமல் கூடத்துக்கு வந்து நின்றார். பார்கவி கைகட்டி நின்றிருந்தாள்.

“ஊர் பேரைக் கேட்டப்பவே எனக்கு டவுட்” என்றார் தர்ஷினியிடம். “மீன் எங்க வெச்சிருக்க?”

தர்ஷினிக்கு வேர்த்தது. எனவே உண்மையைச் சொன்னாள். பாக்டீரியா, அமோனியா, பதினெட்டு கிராம் எல்லாவற்றையும் சொல்லி, தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினாள். அதுவரை மூடிக்குள் அடங்கியிருந்தது முழுதாக வெளியே வந்தது. ஆன்ட்டி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலைப்பையைப் பார்த்தார்.

“சமைக்கல ஆன்ட்டி. சாப்பிடவும் இல்ல.”

“சாப்பிடக்கூட இல்லையா?”

“சத்தியமா இல்ல.”

ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். “ஆசையா இருந்துது, திருட்டுத்தனமா சாப்பிட்டேன்னு சொல்லு, புரியுது. சின்னப் பொண்ணு, நாக்கு கேக்கும். சும்மா போட்டு அழுக வைக்கறதுக்காக ஒரு ஜீவனை வீட்டுக்குள்ள கொண்டு வந்தேன்னு சொல்றியே, அத நான் என்னன்னு எடுத்துக்கறது?”

இந்தக் கோணத்தில் தர்ஷினி யோசித்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்தபோது ஆன்ட்டி சொல்வது சரி என்றுகூடத் தோன்றியது.

“நான் அப்பவே சொன்னேன் ஆன்ட்டி” என்றாள் பார்கவி. “இவதான் கேக்கல.”

சொல்லியிருந்தாள், அதில் பொய் இல்லை. எதற்காகச் சொன்னாள் என்பதைத் தர்ஷினி விளக்கியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அது பெருந்தன்மை அல்ல; பிடிபட்ட ஆள் இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க உரிமை உண்டா என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு தாண்டிப் போய்விட்டது.

முதலில் அந்தக் கருமத்தை வெளியே எடு என்றார் ஆன்ட்டி. தர்ஷினி எடுத்தாள். அன்று காலைதான் அமோனியா நான்கைத் தொட்டிருந்தது. நான்கு வந்ததும் இறாலை எடுத்துவிட வேண்டும் என்பது வகுப்பில் சொன்ன கணக்கு. பன்னிரண்டு மணி நேரத் தாமதம் தவிர ஆன்ட்டி சொன்னது மிகச் சரியான தருணம். அதைச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். இதுவரையில் அவள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அடுத்து தீர்ப்பு வந்தது. மாதக் கடைசிக்குள் தொட்டி போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் போக வேண்டும்.

தர்ஷினி தொட்டியைப் பார்த்தாள். கல்லில் இப்போதுதான் உயிர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர். காலி செய்தால் அவ்வளவும் செத்துப்போகும், எல்லாம் முதலிலிருந்து. அந்த முதலும் இன்னொரு இறால்தான். அதற்கு இடம் கொடுக்கும் வீடு பெங்களூரில் எங்கே இருக்கிறது?

ஆனால் பார்கவியின் காதில் விழுந்தது ‘இரண்டு பேரும்’ என்பதுதான். அவள் கட்சி மாற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. ஈசான்ய மூலைல ரொப்பி வெச்ச தண்ணிய எறைச்சு வெளிய ஊத்தலாமா? எங்க சேலத்துல செய்யவே மாட்டாங்க” என்றாள்.

சேலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாகத் தர்ஷினி கேள்விப்பட்டதில்லை. ஆன்ட்டி கேள்விப்பட்டிருப்பார் போலிருக்கிறது. மூலையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று நிபந்தனை விதித்தார். தொட்டி இருக்கலாம். ஆனால் மாடியில் குடியிருக்கும் மனுஷருக்கு என்ன சட்டமோ அதுதான் தொட்டியில் குடியிருக்க வருகிற ஜந்துவுக்கும். வெஜ் மட்டும். உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனக்குக் காட்ட வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜோகுபாளையத்தில் ரெமிஜியஸ் சிரித்து முடிக்கும்வரை தர்ஷினி காத்திருந்தாள்.

“வெஜ் மீனு. மீனே நான்வெஜ் மேடம்.”

“அது யாராவது சாப்பிட்டாதான். அது என்ன சாப்பிடுதுங்கறதுதான் இப்போ பிரச்சினை.”

அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்து யோசித்தான். இரண்டு பேருமாகப் பட்டியல் போட்டார்கள். கோமாளி மீனுக்குப் புழு, இறால் தீனி வேண்டும், அடித்தாயிற்று. அந்த ஒரு வரியை அடிக்கத் தர்ஷினிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நண்டு கண்டதையும் தின்னும். நட்சத்திர மீன் நம்பகமானது அல்ல. எஞ்சியவை: பாசி தின்னும் நத்தை. வெளிச்சத்தில் வாழும் பொத்தான் பவளம். கல்லில் படியும் பாசியைக் கொறித்துக் காலம் தள்ளும் ப்ளென்னி என்ற விரல் நீள மீன்.

இறால் போன பிறகு அமோனியா பூஜ்யத்துக்கு வர இருபத்தாறு நாள் ஆயிற்று. மாதக் கடைசி வந்து போனது. நாற்றமும் போயிருந்தது. கல்லெல்லாம் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படர்ந்தது. முதலில் ஐந்து நத்தைகள் கீழ்வீட்டு சோபாவுக்கு எதிரே, பிளாஸ்டிக் டப்பாவில் விசாரணைக்கு உட்கார்ந்தன. ஐந்தும் தேறின. பொத்தான் பவளம் வெளிச்சத்தைக்கொண்டே உணவு தயாரித்துக்கொள்ளும் என்று கேட்டபோது ஆன்ட்டி கண்ணை மூடிக் கும்பிட்டார். சாப்பாடே வேண்டாம் என்று சொல்கிற குடித்தனக்காரரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து ப்ளென்னி வந்தது.

“எந்த ஊரு?”

“இந்தோனேசியா பக்கம் ஆன்ட்டி.”

“என்ன சாப்பிடும்?”

“பாசி.”

“வேற?”

“பாசிதான்.”

ஆன்ட்டி டப்பாவைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மீன் வாலை மடித்து, இரண்டு கண்ணையும் தனித்தனியே உருட்டி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது. தன் அலுவலகத்தில் இருந்த சூப்பிரண்டெண்டு அப்படியே இப்படித்தான் பார்ப்பார் என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து மீனுக்கு ‘சாஹேப்ரு’ என்று பெயர். கன்னடத்தில் பெரிய அதிகாரிகளை அப்படித்தான் சொல்வார்கள். தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஆன்ட்டி மேலே வந்து, தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொள்வார். சாஹேப்ரு ஒரு கல்லின் உச்சியில் உட்கார்ந்து அவரைப் பார்ப்பார். இரண்டு பேரும் பணியில் இருப்பதுபோலக் கால் மணி நேரம் போகும்.

நத்தைகளும் முழு சைவம் என்பதைத் தர்ஷினி கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை. கோளாறு அங்கேதான். ஐந்தும் சேர்ந்து கல்லை இரவு பகலாக வழித்தன. மீன் வந்த பத்தாம் நாள் கற்கள் வாங்கிய அன்று இருந்ததுபோல வெளுத்துக் கிடந்தன. சாஹேப்ருவின் வயிறு ஒட்டத் தொடங்கியது. பக்கவாட்டில் பார்த்தால் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தர்ஷினி உலர்ந்த கடற்பாசித் தாள் வாங்கி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டாள். சாஹேப்ரு அதைக் கையெழுத்துப் போட மறுக்கும் கோப்பைப் போலப் பார்த்தார். பாசி தின்னும் மீனுக்கென்றே விற்கும் உருண்டைத் தீனியை எடுத்து லேபிளைப் படித்தாள். முதல் பொருள் மீன் தூள். பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஃப்ரோசன் மைசிஸ் போடுங்க மேடம்” என்றான் ரெமிஜியஸ் போனில். “பொடிப் பொடியா எறா மாதிரி இருக்கும். ஐஸ் கட்டியா வரும். எந்த ப்ளென்னியும் வேணாம்னு சொல்லாது.”

“வீட்ல அலவ் இல்ல.”

“மீனுக்குமா?”

“மீனுக்குத்தான்.”

ஆன்ட்டிக்குத் தெரியாமல் வாங்கி வைக்கலாம். ஈரத்துண்டும் எக்ஸாஸ்டும் கைவசம் இருந்தன. குருவும் பக்கத்து அறையிலேயே இருந்தாள். ஆனால் பாசிதான், பாசி மட்டும்தான் என்று தர்ஷினி தன் வாயால் சொல்லியிருந்தாள். போடவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் தாங்காது. போட்டால், போட்டது தெரிந்தால், தொட்டியே தாங்காது. மூன்று நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்ததும், மீனைச் செவ்வாய்க்கிழமை கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

ஆன்ட்டி திரும்பவில்லை. “ஏன்?”

“இங்க இருந்தா செத்துடும் ஆன்ட்டி. பாசி பத்தல. வேற எதுவும் சாப்பிட மாட்டேங்குது. அது சாப்பிடற ஒண்ணு இருக்கு, அது நம்ம வீட்ல கூடாது.”

“என்ன அது?”

சொன்னாள். இந்தத் தடவை தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சாஹேப்ரு கல்லிலிருந்து நழுவி, பாதியில் நின்று, மறுபடி ஏற முயன்று, மணலில் போய் உட்கார்ந்தார். ஆன்ட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது ஏற்கெனவே செத்துதானே வரும்?”

“ஆமா ஆன்ட்டி.”

“எவ்வளவு போடணும்?”

“நகத்தளவு. ஒரு நாளைக்கு ஒரு துண்டு.”

“போட்டா, அழுகாதே?”

“இல்ல. போட்டதும் சாப்பிட்டுடும்.”

“சாப்பிடறதுக்குத்தானே கேக்கறார்” என்றார் ஆன்ட்டி, தொட்டிக் கண்ணாடியைப் பார்த்து. “சும்மா அழுக வைக்கறதுக்கு இல்லையே.” பிறகு குரலைத் தணித்தார். “வாங்கிட்டு வா. ஆனா உங்க ஃப்ரிட்ஜ்ல வைக்க பேடா, வேண்டாம். பார்கவி பாத்தா மனசு கஷ்டப்படும். சுத்தமான வெஜ் பொண்ணு. கீழ, என் ஃப்ரீசர்ல வெச்சுக்கோ.”

படுக்கையறைக் கதவடியில் ஈரத்துண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தர்ஷினி அதைப் பார்த்தாள், ஆன்ட்டியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

“சரி ஆன்ட்டி” என்றாள்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்குக் கிண்ணத்தோடு கீழே போகிறாள். ஆன்ட்டி ஃப்ரீசர் கதவைத் திறந்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். எவர்சில்வர் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூடியை அழுத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புகிறார். சாஹேப்ரு முதல் நாளே அள்ளித் தின்றார். பத்து நாளில் வயிறு திரண்டுவிட்டது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பா ஒரு நாள், தினமும் இந்தப் பெண் நம் ஃப்ரீசரிலிருந்து என்ன எடுத்துக்கொண்டு போகிறது என்று கன்னடத்தில் கேட்டார். தர்ஷினி வேர்த்துப்போய் வாயைத் திறந்தாள்.

“மருந்து” என்றார் ஆன்ட்டி, சுவரைப் பார்த்தபடியே.